சிறகடிக்கையில் ஒரு தாலாட்டு

சென்ற வாரம் நாம் அவளை விட்டுப் பிரிந்தபோது, மூக்குக்கண்ணாடிக் கடையில் வில்லை பொருத்தும் அந்தப் பெண் தன் பிள்ளையின் சிறு துணிகளை மடித்துப் பைக்குள் அடுக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் முதல் வேலைக்குத் திரும்ப வேண்டும். பிள்ளையை நாத்தனார் நடத்தும் காப்பகத்தில் விடுவதென்று, மூன்று வார வாக்குவாதத்துக்குப் பின், முடிவாகியிருந்தது.

அந்த மறுநாள் இதோ விடிந்துவிட்டது.

பிள்ளைக்கு ஒன்பது மாதம். செங்கீரை ஆடிய பருவம் போய், இரு கையும் சேர்த்துச் சப்பாணி கொட்டும் பருவத்துக்கு வந்திருந்தான். வீட்டில் அவனுக்குத் துரை என்று பெயர். ஆணையிடுவதைத் தவிர வேறு வேலை அறியாதவன் என்று தகப்பன் சூட்டியது. முறையாக வைத்த பெயர் ஒன்று பிறப்புச் சான்றிதழில் இருந்தது; அது அங்கேயே இருந்தது.

"சட்டையை உதறினீங்களா?" என்று அவள் கேட்டாள்.

"உதறிட்டேன்மா. படியிலேயே நின்னு உதறிட்டுத்தான் நேத்து உள்ள வந்தேன்."

"காலர்ல ஒண்ணு இருக்கு."

கணவன் லிஃப்ட் மெக்கானிக். உயர்ந்த கட்டடங்களின் உச்சியில், இயந்திர அறைகளில் அவனுக்கு வேலை. அந்த அறைகளின் உண்மையான உரிமையாளர்கள் புறாக்கள். அவன் கழுத்துப் பட்டையைத் தடவி, நகத்தளவு சாம்பல் நிற இறகுத் தூவி ஒன்றை எடுத்தான்.

"இதுக்கு எடையே கிடையாது. ஊதினா போயிடும்."

"ஊதாதீங்க. வெளியில கொண்டு போங்க."

"சரிங்க மேடம். விலங்கு போட்டே கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி, தூவியை இரு விரலால் கைது செய்தவன் போலப் பிடித்தபடி படியிறங்கினான்.

அவளுக்குப் பறவைகளைப் பிடிக்காது. அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். சிலருக்குப் பாகற்காய் பிடிக்காது, சிலருக்குப் பறவை. திருமணத்துக்கு முன் ஒருநாள் அவளே சிரித்துக்கொண்டு சொன்ன சொல் அது. சொன்ன அன்றே அது வீட்டுக்குள் வந்து நிலையாக உட்கார்ந்துவிட்டது. இனி அதை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் பயம் என்ற சொல்லை உட்கார்த்த அவளுக்குத் துணிவு வரவில்லை.

ஏன் பயம் என்று கேட்டால் அவளிடம் விடையில்லை. எந்தப் பறவையும் அவளை ஒருநாளும் கொத்தியதில்லை. மனித முகத்தின் இரு கண்மணிகளுக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று அளந்து, வில்லையின்மேல் மையப்புள்ளி இடுவது அவள் தொழில். எந்த முகத்துக்கும் அந்த அளவு உண்டு. அளந்து முடிக்கும்போது அந்த முகம் அவளுக்குப் பழகியிருக்கும். பறவையின் முகத்தில் அளவுகோலை வைக்க இடமில்லை. பக்கத்துக்கு ஒரு கண். வெண்மை தெரியாத வட்டக் கண். அது எதைப் பார்க்கிறதென்று யாராலும் சொல்ல முடியாது. பிறகு அந்தச் சிறகோசை. தன் நெஞ்சுக்குள்ளேயே யாரோ ஈரத்துணியை உதறுவதாக அவளுக்கு அது கேட்கும்.

மூன்றாம் அத்தியாயத்தைப் படித்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். படிக்காதவர்களுக்காக ஒருமுறை சொல்கிறேன். பிள்ளைக்கு நாற்பதாம் நாள் குளியலறைச் சாளரத்தில் ஒரு புறா சிக்கிக்கொண்டு சிறகடித்தது. அவள் ஈரமேனியோடு பிள்ளையைத் தரையில் கிடத்திவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள். ஓடியதோடு கதவையும் சாத்தினாள். எத்தனை நேரம் என்று அவளுக்கு இன்றும் தெரியாது. மீண்டு போனபோது புறா இல்லை. பிள்ளை விட்டத்தைப் பார்த்தபடி கிடந்தான். கண்டவர் எவருமில்லை.

இந்தப் பயம் என்னோடு முடியட்டும், என் பிள்ளைக்குள் இது ஒரு துளியும் இறங்கக் கூடாது என்று அன்று அவள் மனத்துக்குள் மன்றாடினாள். யாரிடம் என்று தெரியாமலே மன்றாடினாள். அன்று மாலை ஒரு பாட்டுப் பிறந்தது. அவளே கட்டியது; எதுகை மட்டும் எங்கிருந்தோ தானாக வந்து அமர்ந்தது.

வெள்ளி முளைத்தபின்னே விழிமூடு தாலேலோ
அள்ளி அணைத்தகைகள் அகலாது தாலேலோ

அன்றுமுதல் அதுவே அவள் கேடயம். சாளரத்தில் ஒரு நிழல் விழுந்தால் போதும். முகத்தில் புன்னகையை ஏற்றிக்கொண்டு, பிள்ளையைத் தோளில் சாத்தி, அந்த இரண்டு அடிகளையும் திரும்பத் திரும்பப் பாடுவாள். தாய் சிரிக்கிறாள், தாய் பாடுகிறாள். பிள்ளைக்கு வேறென்ன தெரியப்போகிறது?

இன்று காலையும் அப்படித்தான் நடந்தது. பால் புகட்டிக்கொண்டிருந்தபோது வலைக்கம்பிக்கு வெளியே ஒரு புறா வந்திறங்கி, விளிம்பில் இரண்டடி நடந்தது. அவள் எழுந்தாள். புன்னகைத்தாள். பாடினாள். கண்கள் புறாவை விட்டு அகலவில்லை. தோளில் பிள்ளை மூச்சுக் காட்டாமல் ஒட்டிக்கிடந்தான். முதல் அடியிலேயே அடங்கிவிட்டான், எப்போதும்போல. பாட்டின் அருள் என்று நினைத்தாள்.

நாத்தனாருக்கு எழுதிக் கொடுத்த தாளிலும் அதைச் சேர்த்திருந்தாள். பத்து மணிக்குத் தூக்கம். பதினொன்றுக்குப் பால். கடைசி வரியில், அழகான கையெழுத்தில்: அழுதால் இந்தப் பாட்டு, உடனே அடங்கிவிடுவான்.

*

கடை மாறியிருக்கவில்லை. வில்லைகளின் ஓரம் தீட்டும் இயந்திரம் அதே கீச்சுக்குரலில் தண்ணீரைத் தெளித்தது. அவள் நாற்காலியின் ஆடும் காலுக்கடியில் அவள் மடித்து வைத்த அதே அட்டை. முதல் வில்லையில் புள்ளி மிகச் சரியாக மையத்தில் விழுந்தது. இரண்டாவதைப் பொருத்திச் சட்டத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒன்பது மாதத்தில் முதன்முறையாக, தன்னால் செய்யக்கூடிய ஒரு காரியம் உலகில் இருக்கிறது என்று அவளுக்குத் தோன்றிற்று.

பதினொன்று பத்துக்குக் கைப்பேசி அதிர்ந்தது.

"உடனே வா" என்றாள் நாத்தனார். "உடம்புக்கு ஒண்ணும் இல்ல, பதறாதே. ஆனா வா."

பின்னணியில் கேட்ட அழுகை தன் பிள்ளையுடையதென்று அவளுக்கு உடனே விளங்கவில்லை. அவன் அப்படி அழுது அவள் கேட்டதில்லை.

கடைக்காரர் கண்ணாடியை நெற்றிமேல் தூக்கிவிட்டுப் பார்த்தார். "முதல் நாளேவா?"

"அரைமணி நேரத்துல வந்துடறேன் சார்."

"வலி வந்தன்னைக்கும் இதே அரைமணி நேரம்தாம்மா சொல்லிட்டுப் போனே" என்றார் அவர். பிறகு குரல் தாழ்ந்தது. "போ, போ. அஞ்சு மணிக்குக் கண்ணாடி வாங்க வர்றவருக்கு நான் ஏதாவது கதை சொல்லிக்கிறேன்."

*

காப்பகம் ஓர் அடுக்ககத்தின் தரைத்தளத்தில் இருந்தது. சுவரோரம் தாழ்வான கட்டில்கள். நடுவே இரப்பர் விரிப்பு. ஒரு பக்கம் கம்பிக்கதவு, அதற்கு வெளியே சிமெண்டு முற்றம். நாத்தனார் இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பிறர் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவள். தனக்கென்று ஒன்று இல்லாததால் எல்லாப் பிள்ளைகளையும் ஒரே கண்டிப்போடு நேசித்தாள். வார்த்தையில் சர்க்கரை சேர்க்கும் வழக்கம் அவளிடம் கிடையாது.

பிள்ளை அழவில்லை. கம்பிக்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தான். வெளியே முற்றத்தில் ஏழெட்டுப் புறாக்கள், பிள்ளைகள் சிந்திய பொரியைக் கொத்திக்கொண்டிருந்தன.

அவள் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"வா உள்ள. என்ன அங்கேயே நிக்கிறே?"

"இப்போ அழலையே அண்ணி."

"அழமாட்டான். அதுங்களைப் பார்த்தா துரைக்குக் குஷி. காலையிலேர்ந்து அந்தக் கதவுதான் அவருக்கு ஆபீஸ்."

ஒரு புறா எழும்பி அமர்ந்தது. பிள்ளை உடம்பையே குலுக்கிச் சிரித்தான். ஒரு கையைக் கம்பியிலிருந்து எடுத்து அதை அழைத்தான். அதைக் கண்டதும் அவளுக்குக் கண் கலங்கிற்று. இறங்கவில்லை. ஒரு துளியும் இறங்கவில்லை. மன்றாடியதை யாரோ கேட்டிருக்கிறார்கள். அந்த நிமிடத்தின் மகிழ்ச்சியை நான் அவளிடமிருந்து பறிக்க விரும்பவில்லை; ஆனால் அது ஒரு நிமிடம்தான் இருந்தது.

"இப்போ பாரு" என்று சொல்லி நாத்தனார் பிள்ளையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "நான் எந்தப் பாட்டுப் பாடினாலும் கை தட்டுறான்." அவள் ஏதோ விளையாட்டுப் பாட்டை முணுமுணுத்தாள். பிள்ளை சப்பாணி கொட்டினான். "சரியா? இப்போ நீ எழுதிக் கொடுத்தது."

வெள்ளி முளைத்தபின்னே, என்று தொடங்கினாள். மெட்டுச் சற்றுப் பிசகியிருந்தது. அந்த முதல் இரண்டு சீர்களே போதுமாயிருந்தன.

பிள்ளையின் தோள்கள் இரண்டும் மேலேறின. கழுத்து உள்ளே இழுத்துக்கொண்டது. கண்கள் அகன்று, அறையின் மூலைகளை, விட்டத்தை, சாளரத்தை ஒவ்வொன்றாகத் தேடின. தேடியது எங்கும் இல்லாததால் அவன் வாய் திறந்தது. முதலில் ஓசை வரவில்லை. வந்தபோது பக்கத்துக் கட்டிலில் தூங்கிய இரு குழந்தைகளும் விழித்துக்கொண்டன.

அவள் பாய்ந்து பிள்ளையை வாங்கினாள். அவன் அவள் தோளில் முகம் புதைத்து, ஒட்டிக்கொண்டு, மூச்சுக் காட்டாமல் கிடந்தான். அடங்கிவிட்டான், எப்போதும்போல.

தினமும் அருள் என்று நினைத்தது இதுதான் என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. எத்தனையோ முறை இப்படியே கிடந்திருக்கிறான். ஒருமுறைகூட அவன் முகத்தைத் திருப்பிப் பார்த்ததில்லை. அவள் கண்கள் எப்போதும் புறாவின்மேல் இருந்தன.

"காது வலியோன்னு பார்த்தேன்" என்றாள் நாத்தனார். "இல்ல. பசியான்னு பார்த்தேன். இல்ல. நாலு தடவை பாடினேன், நாலு தடவையும் இப்படி. இந்தத் தோளைத் தூக்கிக் கழுத்தை உள்ள இழுக்கறானே, இது யாரு மாதிரின்னு யோசிச்சேன்."

அவள் பிள்ளையை மறுதோளுக்கு மாற்றினாள்.

"வாசல்ல நீ இப்போ அதே மாதிரி நின்னியே, அப்பத்தான் தெரிஞ்சுது."

"அண்ணி..."

"இந்தப் பாட்டை நீ எப்பப் பாடுவே?"

விளையாட்டுப் பொருள்களின் கூடையில் ஒரு பொம்மை தானாகச் சரிந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். சாளரம், நிழல், புன்னகை, பாட்டு. சொல்லச் சொல்ல அது எவ்வளவு சிறிய காரியமாகத் தெரிந்ததென்று அவளுக்கே வியப்பாக இருந்தது. குளியலறைத் தரையை மட்டும் சொல்லவில்லை.

நாத்தனார் எழுந்துபோய் அழுத குழந்தைகளில் ஒன்றைத் தட்டிக்கொடுத்துவிட்டு வந்தாள்.

"நீ பயப்படறது புறாவுக்கு. உன் கண்ணுக்கு ஒரு புறாவாவது இருக்கு. இவனுக்கு எதுக்குப் பயப்படணும்னே தெரியாதே."

"நான் சிரிச்சுட்டுத்தான் பாடுவேன் அண்ணி. சத்தியமா. ஒருநாள்கூட முகத்துல காட்டினதில்ல."

"நெஞ்சோட நெஞ்சு வெச்சுத் தூக்கிட்டு முகத்தை மறைச்சியாக்கும்" என்றாள் நாத்தனார். கேலியாகத்தான் தொடங்கினாள், முடிக்கும்போது கேலி இல்லை. "தம்பி ஒரு மாசமாப் புலம்பறான், இவன் என்கிட்ட மட்டும் வீல்னு கத்தறான்க்கா, என் மேல கிரீஸ் நாத்தம் அடிக்குதான்னு கேட்கறான். மூணு சோப்பு மாத்திட்டான். அவனும் இதைத்தானே பாடறான்?"

அவள் நிமிர்ந்தாள். மாலையில் அவள் சமையலறையில் இருக்கும் நேரம், கூடத்தில் அவன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாடுவது அவள் காதில் விழுந்திருக்கிறது. தன் பாட்டை அவன் கற்றுக்கொண்டான் என்று உள்ளுக்குள் பூரித்திருக்கிறாள். பின்னாலேயே எழும் அழுகையைப் பசி என்று எடுத்துக்கொண்டு பாலைச் சூடாக்கியிருக்கிறாள்.

"பாட்டை விட்டுடு. இன்னையோட. நானும் பாடலை. கொஞ்ச நாள்ல மறந்துடுவான். ஆனா தம்பிகிட்ட நீ சொல்லணும். நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்றேன்."

"எப்போ?"

"இன்னைக்கே."

*

கடைக்கு அவள் திரும்பவில்லை. பிள்ளையை மார்போடு கட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே, மின்கம்பிகளின் கீழ், வழக்கம்போல் அவை கூட்டமாக மேய்ந்துகொண்டிருந்தன. சுற்றிப்போக வழியில்லை. நாக்கின் நுனிக்குப் பாட்டு வந்துவிட்டது. அவள் பல்லைக் கடித்து அதை விழுங்கினாள். புன்னகையையும் விட்டுவிட்டாள், இனி அதனால் யாருக்கும் பயனில்லை. ஓர் அடி வைத்தாள். இன்னோர் அடி. யாரோ மிதிவண்டியில் மணியடித்துக்கொண்டு வர, கூட்டம் முழுவதும் ஒருசேர எழும்பிற்று.

அவள் பாடவில்லை. ஒலியாக எதுவும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

இம்முறை குனிந்து பார்த்தாள். மார்போடு ஒட்டியிருந்த சிறிய தோள்கள் இரண்டும் மெல்ல மேலேறிக்கொண்டிருந்தன. கழுத்து உள்ளே போயிற்று. பறவைகள் தலைக்குமேல் சுழன்றன. பிள்ளை அவற்றை ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு காதை அவள் நெஞ்செலும்பின்மேல் அழுத்தமாக வைத்து, உள்ளே நடப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

பாட்டை நிறுத்தலாம் என்று நாத்தனார் எளிதாகச் சொல்லிவிட்டாள். உள்ளே அடிப்பதை எப்படி நிறுத்துவது? பிள்ளையைத் தூக்காமலே வளர்ப்பதா? நினைப்பு அங்கே போனதும் குளியலறைத் தரை கண்முன் வந்தது. அவள் அந்த இடத்திலேயே, பேருந்துக்குக் காத்திருப்பவள்போல, இரண்டு பேருந்துகள் வந்துபோகும்வரை நின்றாள்.

*

மாலை ஏழு மணிக்குக் கணவன் வந்தான். படியில் சட்டையை உதறும் ஓசை கேட்டது, சொல்லாமலே உதறினான். குளித்துவிட்டு, நான்காவதாக வாங்கிய சோப்பின் மணத்தோடு கூடத்துக்கு வந்தான்.

சொற்களை அவள் அடுக்கி வைத்திருந்தாள். பிடிக்காது என்று சொன்னேனே, அது பிடிக்காதது இல்லை. அங்கே தொடங்க வேண்டும். தொடங்கினால், எப்போதிலிருந்து என்று கேட்பான். எவ்வளவு பயம் என்று கேட்பான். தனியாக இருக்கும்போது ஒரு புறா உள்ளே வந்துவிட்டால் பிள்ளையை என்ன செய்வாய் என்று, குறையாக அல்ல, அக்கறையாகவே கேட்பான். அதற்கு அவளிடம் ஒரே ஒரு விடைதான் இருந்தது.

"துரை எங்கே? துரைக்கு இன்னைக்கு ஆபீஸ் எப்படி?"

பிள்ளை விரிப்பிலிருந்து இரு கையையும் தூக்கினான். தகப்பன் அள்ளியெடுத்து ஒரு சுற்றுச் சுற்றினான். பிள்ளை கலகலவென்று சிரித்தான்.

"பாரேன், இன்னைக்கு நல்ல மூடு" என்றான் அவளைப் பார்த்து. "ஒரு மாசமா மெஷின் ரூம்ல பாடிப் பாடி, உன் பாட்டை மெட்டுப் பிசகாமக் கத்துட்டேன். கேட்கறியா?"

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி இருந்தது. ஏன் வேண்டாம் என்பதற்கு அந்த நொடி போதவில்லை.

அவன் நன்றாகப் பாடினான். அள்ளி அணைத்த கைகள் என்ற இடத்தில் பிள்ளையைச் சற்று இறுக்கிக்கூடப் பிடித்தான். அவன் கையில் பிள்ளை விறைத்து, நெளிந்து, அலறி, அவன் மார்பைத் தள்ளிக்கொண்டு அவளை நோக்கித் தாவினான்.

கணவன் பிள்ளையை அவளிடம் நீட்டினான். முகத்தில் சிரிப்பு இன்னும் இருந்தது. எடுக்க மறந்ததுபோல் இருந்தது.

"அக்கா என்ன சொன்னா? அங்கேயும் இப்படித்தான் அழுதானா?"

அடுக்கி வைத்த சொற்கள் தொண்டைவரை வந்தன.

"இல்ல" என்றாள். "அங்க நல்லா இருந்தான்."

"அப்போ நான்தான்" என்றான் அவன்.

அவள் மறுக்கவில்லை. அவள் தோளில் பிள்ளை மூச்சுக் காட்டாமல் கிடந்தான்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்துக்கொண்டான். "சின்னப் பசங்களுக்குச் சிலபேரைப் பிடிக்காதாம்மா. வளர்ந்தா மாறிடுமாம். எங்க சூப்பர்வைசர் சொன்னார்." சற்றுப் பொறுத்து, வேறு யாரையோ பற்றிச் சொல்வதுபோல்: "வெளியூர்ல ஒரு வேலை வந்திருக்கு. முப்பது மாடி, ஆறு லிஃப்ட். ஆறு மாசம் அங்கேயே தங்கணும். துரையை விட்டுட்டு எப்படின்னு போன வாரம் முடியாதுன்னுட்டேன்."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். கண்மணிக்குக் கண்மணி அறுபத்துநாலு மில்லிமீட்டர். தன் கையால் அளந்தது; திருமணத்துக்கு முன் அவன் கடைக்கு வந்தது அப்படித்தான்.

"சரின்னு சொல்லிடவா? நான் இல்லாட்டி அவனாவது நிம்மதியா இருப்பான்ல."

ஒரு வாக்கியம் போதும். அந்த வாக்கியத்தின் முதல் சொல்லுக்கு அவள் வாயைத் திறந்தாள். தோளில் கிடந்த பாரம் அந்த அசைவுக்கே இன்னும் கொஞ்சம் ஒடுங்கியது.

"தட்டு வைக்கிறேன்" என்றாள். "கை கழுவிட்டு வாங்க."

அவன் தலையசைத்துவிட்டுக் கைப்பேசியோடு படிக்கட்டுக்குப் போனான். கதவு முழுதாகச் சாத்தவில்லை. அவள் ஒரு கையில் பிள்ளையும் ஒரு கையில் தட்டுமாக நின்றிருந்தபோது, கீழ்ப்படியிலிருந்து அவன் குரல் தெளிவாகவே ஏறிவந்தது.

"ஆமா சார். ஆறு மாசமும்தான். நடுவுல லீவு எதுவும் வேண்டாம் சார்."